வன்னியில் சமூக நீதிப் பணிக்குக் கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்வது எப்படி?

விசுவமடுவில் காலை ஆறரைப் பேருந்தில் ஏறி, பரந்தனில் இறங்கி, மறு பேருந்து பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய், ஒரு சமூக சேவை நிறுவனத்தில் ஆறு மாதம் பயிலுநராக இருந்தேன். மாதக் கொடுப்பனவு உண்டு என்று சேரும்போது வாயால் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்கே அது கிடைத்தது. மூன்றாம் மாதத்திலிருந்து, "திட்டக் காசு இன்னும் இறங்கவில்லை" என்பதே பதிலாக இருந்தது. என்னோடு சேர்த்து இருந்த நால்வரில் இருவர் பேருந்துக் காசுக்கு வழியில்லாமல் விலகினார்கள். அந்தத் திட்டம் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கானது; விலகிய இருவரும் அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள். இறுதிவரை தாக்குப்பிடித்தவர்கள், வெளிநாட்டில் அண்ணன் உள்ள நானும் அரச உத்தியோகத்தர் ஒருவரின் மகனும்தான்.

கொடுப்பனவு பற்றி இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்பப் பேசுவதற்கு அதுவே காரணம். சம்பளமில்லாத பயிற்சி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டு, அநீதியை நேரில் அனுபவித்த வீட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடுகிறது. உயர்தரம் முடித்தோ பட்டம் பெற்றோ வேலையின்றி வீட்டில் இருக்கும் ஒருவர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களில் இத்தகைய பயிற்சியை எப்படித் தேடுவது, எதைக் கேட்டுப் பெறுவது, சேர்ந்த பின் எதைக் கற்றுக்கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தப் பிரச்சினையில் வேலை செய்ய விரும்புகிறீர்கள்?

"சமூக சேவை செய்ய விருப்பம்" என்று விண்ணப்பத்தில் எழுதுபவர்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. உங்கள் ஊரில் நீங்கள் கண்ட ஒரு பிரச்சினையை முதலில் தெரிந்தெடுங்கள். காணியை எடுத்துக்கொண்டால், கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் படைமுகாம் வாசலில் இரவு பகலாக இருந்து தங்கள் நிலத்தைக் கேட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அனுமதிப்பத்திரம் தொலைந்த காணி, வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிய வயல், தகப்பன் பெயரில் இருந்து பிள்ளைக்கு மாற்றப்படாத காணி என்று ஒவ்வொரு கிராமத்திலும் சத்தமில்லாத காணிப் பிரச்சினைகள் இருக்கின்றன. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டமும் அதே மாதம் வவுனியாவில் தொடங்கிய போராட்டமும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருக்கலாம். நுண்கடன் தவணைக்காக வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களுக்கு முகங்கொடுக்க முடியாத பெண்கள், அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பட்டியலில் பெயர் விடுபட்ட முதியவர்கள், போரில் கால் இழந்தும் சக்கர நாற்காலி ஏற முடியாத படிக்கட்டுள்ள அலுவலகத்துக்கே போகவேண்டிய மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பிரச்சினைகளும் சமூக நீதிப் பணிக்குள் அடங்கும்.

நாங்கள் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1958, 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல, தலைமுறைகள் கடந்தும் சொந்தக் காணியும் நீர்ப்பாசன வசதியும் இல்லாமல் கூலி வேலையில் இருக்கின்றன. எங்கள் சமூகத்துக்குள்ளேயே நிற்கும் இந்த அநீதியைப் பற்றி வேலை செய்ய முன்வரும் இளையோர் குறைவு. அப்படி ஒருவர் வந்தால் நல்ல நிறுவனம் எதுவும் அவரைத் திருப்பி அனுப்பாது.

எங்கே தேடுவது?

அரச பக்கத்தில், உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் உங்களைப் பதிவுசெய்வது முதல் வேலை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை கொடுப்பனவுடன் பயிலுநர்களைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் அது பெரும்பாலும் தொழில்நுட்பத் துறைகளுக்கானது. 2020 இல் வேலையற்ற பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் அரசு பயிலுநர்களாக எடுத்தது போன்ற திட்டங்கள் வருவதும் நிற்பதும் கொழும்பின் முடிவு. அதை மட்டும் நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். காத்திருக்கும் காலத்தில் வேறொரு பயிற்சியில் சேர்வதே புத்திசாலித்தனம்.

சமூக நீதிப் பணிக்கான இடங்கள் கூடுதலாக இருப்பது அரச சார்பற்ற நிறுவனங்களிலும், சட்ட உதவி அமைப்புகளிலும், சமயம் சார்ந்த சமூக நிறுவனங்களிலும், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தலைமையகம் வைத்துக்கொண்டு வன்னியில் களப்பணி செய்யும் ஆய்வு நிறுவனங்களிலுந்தான். மன்னாரில் வாழ்வுதயம், எல்லா மாவட்டங்களிலும் கிளை பரப்பிய சர்வோதயம் போன்ற பழைய நிறுவனங்களை அநேகருக்குத் தெரியும்; சிறிய பெண்கள் அமைப்புகளையும் மாற்றுத்திறனாளிகள் சங்கங்களையும் கிராம மட்டத்தில் விசாரித்துத்தான் அறிய முடியும். ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு தருகிறது. அதற்கு ஆங்கிலமும் பெரும்பாலும் பட்டமும் தேவைப்படும்.

அறிவித்தல்கள் பத்திரிகையில் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். உதயன், வீரகேசரி போன்றவற்றில் வருவதைப் பார்ப்பதோடு, நிறுவனங்களின் முகநூல் பக்கங்களையும் கச்சேரி (மாவட்ட செயலகம்), ஏஜிஏ ஒபீஸ் (பிரதேச செயலகம்) அறிவித்தற் பலகைகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள். எல்லாவற்றையும் விடப் பயன் தருவது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம், "எங்கள் ஊருக்கு எந்த நிறுவனம் வந்து வேலை செய்கிறது, சொன்னதைச் செய்தவர்கள் யார்?" என்று கேட்பது. படம் எடுத்துக்கொண்டு போனவர்களையும் திரும்பி வந்தவர்களையும் அவருக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

நிறுவனத்தைப் பற்றி விசாரிக்கும்போது அதன் பதிவையும் பாருங்கள். பல நிறுவனங்கள், தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கான 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், சில 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழும் பதியப்பட்டிருக்கும். எந்த நிறுவனம் எந்தப் பிரிவில் அனுமதியோடு வேலை செய்கிறது என்பதை மாவட்ட செயலகத்தில் கேட்டறியலாம். பயிலுநராகச் சேர்வதற்காக உங்களிடம் பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ யாராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆவணங்கள்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பட்டமிருந்தால் அதன் சான்றிதழ், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலர் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைச் சமாதான நீதவான் ஒருவரிடம் உறுதிப்படுத்தி வைத்திருங்கள். பிள்ளைகளோடு வேலை செய்யும் இடங்களில் பொலிஸ் நற்சான்றும் கேட்கலாம். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்; மூலப் பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. இதற்கு நாள் பிடிக்கும் என்பதால், வேலை அறிவித்தல் வந்த பிறகு தொடங்காமல் இன்றைக்கே தொடங்குங்கள்.

விண்ணப்பக் கடிதம்

கடையில் காசு கொடுத்து அடிப்பித்த சுயவிபரக் கோவைகள் எல்லாம் ஒரே முகத்தோடு இருக்கும். அதில் பொழுதுபோக்கு, கிரிக்கெட் என்று எழுதி நிரப்புவதை விட, நீங்கள் செய்த உண்மையான வேலைகளை எழுதுங்கள். அம்மம்மாவின் அஸ்வெசும மேன்முறையீட்டை நீங்களே நிரப்பிக் கொடுத்தீர்களா? சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு எடுத்தீர்களா? கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பை எழுதினீர்களா? இவை யாவும் தகுதிகளே. சம்பளம் கிடைக்காததால் அவை வேலை இல்லை என்று ஆகிவிடாது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்னிடம் ஒரு தங்கை காட்டிய முதல் கடிதம், "நான் சமூகத்தின் மீது மிகுந்த அக்கறை கொண்டவள்" என்று தொடங்கியது. பேசிப் பார்த்தபோது, தன் ஒழுங்கையில் ஏழு வீட்டுப் பெண்கள் ஒரே நுண்கடன் குழுவில் ஒருவருக்கொருவர் பிணை நின்றதையும், ஒருவர் தவணை தவறியபோது மற்ற ஆறு பேரும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டதையும் சொன்னாள். அதையே கடிதத்தின் முதற் பந்தியாக எழுதச் சொன்னேன். பெயர்களை விட்டு, நடந்ததை மட்டும், ஆறு வரியில் எழுதினாள். நேர்முகத் தேர்வில் அவளிடம் அந்த ஆறு வரியைப் பற்றியே கேட்டார்கள்.

மொழி பற்றி ஒரு சொல். ஆங்கிலம் வராது என்பதற்காக விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். களத்தில் மக்களோடு பேசித் தமிழில் பிழையற எழுதத் தெரிந்தவர்களுக்கு உண்மையில் தட்டுப்பாடு இருக்கிறது. சிங்களம் பேசத் தெரிந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்; பொலிஸ் நிலையத்திலும் கொழும்பு அலுவலகங்களிலும் அது மக்களுக்கு உடனே உதவும்.

காசைப் பற்றிக் கேட்பது

நேர்முகத் தேர்வின் இறுதியில், "உங்களுக்குக் கேள்வி ஏதும் உண்டா?" என்பார்கள். அப்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: "சேர், பயிலுநருக்கான மாதக் கொடுப்பனவு எவ்வளவு? எந்தத் திகதியில் கிடைக்கும்? களப்பயணச் செலவு அதற்குள் அடங்குமா, தனியாகத் தரப்படுமா?" நீதிக்காக வேலை செய்ய வந்தவர் காசைக் கேட்பதா என்று முகம் சுளிக்கும் இடமானால், அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது எதுவென்று அப்போதே தெரிந்துவிடும்.

எவ்வளவு நியாயம் என்று அளக்க ஒரு கோல் வேண்டும். தனியார் துறைக்கான தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபாயாக இருந்தது; 2026 ஜனவரியில் இருந்து அது 30,000 ரூபாய். பயிலுநர் கொடுப்பனவு என்ற பெயரில் இதைவிட மிகக் குறைவாகத் தந்துவிட்டு முழுநேர ஊழியரின் வேலையை வாங்கினால் அது பயிற்சி ஆகாது. பேசும்போது உங்கள் பயணச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வழியாகவோ, துணுக்காயிலிருந்தோ நாளாந்தம் வருபவரின் செலவும் நகரத்துக்குள் சைக்கிளில் வருபவரின் செலவும் ஒன்றல்ல. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லி, அதற்கு முன் வேலை முடியுமா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பு விடயம்.

சேர்வதற்கு முன் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைப் பெறுங்கள். அதில் தொடங்கும், முடியும் திகதிகள், கொடுப்பனவின் தொகை, வழங்கும் திகதி, வேலை நேரம், பயணச் செலவு, விடுமுறை, உங்களுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் யார், என்ன கற்பிக்கப்படும் என்பன இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் கழிக்கப்படுமானால் நிறுவனம் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதமும் செலுத்த வேண்டும்; சிறு தொண்டு நிறுவனங்கள் சிலவற்றுக்கு விலக்கு இருப்பதால் உங்கள் நிறுவனத்தின் நிலையைக் கேட்டறியுங்கள். "திட்டக் காசு வந்தால்" என்ற சொற்றொடர் கடிதத்தில் இருந்தால், வராவிட்டால் என்ன என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஒரு கடிதம் இருந்திருந்தால், எங்களில் இருவர் விலகியிருக்க மாட்டார்கள்.

சேர்ந்த பின் கற்க வேண்டிய வேலை

தேநீர் போடுவதும் பிரதி எடுப்பதும் எல்லோரும் பகிர்ந்து செய்யும் வேலைகள். மூன்றாம் வாரத்திலும் அவை மட்டுமே உங்களுக்குத் தரப்பட்டால் மேற்பார்வையாளரிடம் கடிதத்தைக் காட்டிப் பேசுங்கள். இந்தப் பணியின் மையம், ஒருவரின் பிரச்சினையைக் கேட்டு அதை அவருக்குக் கேடு வராதபடி எழுத்தில் இறக்குவது. கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

ஒரு நாளைச் சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் சொப்பிங் பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். மகனின் படம், லமினேற் பண்ணிய அடையாள அட்டைப் பிரதி, மங்கிய பற்றுச்சீட்டுகள். மகனைக் கடைசியாகக் கண்டது எப்போது என்று கேட்டேன். "மாத்தளனுக்கு வந்து மூண்டாம் நாள், பிள்ளை. கஞ்சி குடுத்துக்கொண்டிருந்தவை" என்றார். மாத்தளன், 2009 இல் போரின் இறுதிக்கட்டத்தில் மக்கள் ஒதுங்கிய கரையோரக் கிராமம். படிவத்தில் திகதிக்கு இடம் இருந்தது. நான் ஊகித்து ஒரு திகதியை எழுதப் போனேன். பக்கத்தில் இருந்த மூத்த உத்தியோகத்தர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த அம்மா ஏற்கனவே 2010 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிடமும், 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவிடமும் சாட்சி சொல்லியிருந்தார். பைக்குள் இருந்த பற்றுச்சீட்டுகள் அவற்றுக்கானவை. நான் எழுதவிருந்த திகதி அவற்றில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், என் ஊகம் அவருடைய பொய்யாகப் பதியப்பட்டுவிடும்.

அன்றிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன். முதலில் அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே எழுதுவேன். பிறகு, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எப்போது போனார்கள் என்பதைக் கேட்டு, திகதியை மதிப்பீடு என்று குறிப்பிட்டு எழுதுவேன். முன்பு எங்கெல்லாம் முறைப்பாடு கொடுத்தார் என்பதைப் பற்றுச்சீட்டைப் பார்த்துக் குறிப்பேன். தாளில் இருப்பதை மறுபடி சொல்லச் சொல்லி அவரை அழவைக்க மாட்டேன். எழுதி முடித்ததும் முழுவதையும் மெதுவாக வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்னதைத் திருத்தி, பிரதி ஒன்றை அவர் கையில் கொடுப்பேன்.

இரண்டாவதாகக் கற்க வேண்டியது எந்தக் கதவைத் தட்டுவது என்பது. காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இருக்கிறது. குடும்பங்கள் பல அதன் மீது நம்பிக்கை இழந்திருக்கின்றன. போகச் சொல்லி வற்புறுத்துவது பயிலுநரின் வேலையல்ல, என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை நேர்மையாகச் சொல்வதே வேலை. அரச அதிகாரிகளின் உரிமை மீறலுக்கு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா, யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகங்களில் முறையிடலாம். அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. வழக்குப் பேசக் காசில்லாதவர்களை 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.

மூன்றாவது, தகவலுக்கான உரிமைச் சட்டம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமான இது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. எங்களைப் போன்ற இடங்களில் இதைவிடக் கூரான கருவி வேறில்லை என்பது என் கருத்து. காணி அனுமதிப்பத்திரம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை, வீட்டுத்திட்டப் பட்டியலில் தெரிவு எந்த அடிப்படையில் நடந்தது என்பவற்றைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்; ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள்ளும், அதன் பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள்ளும் மேன்முறையீடு செய்யலாம். "ஏன் எனக்கு வீடு தரவில்லை?" என்று எழுதினால் பதில் வராது. "இந்தக் கிராம அலுவலர் பிரிவில் இந்த ஆண்டு தெரிவானவர்களின் பட்டியலையும் அவர்களுக்கு வழங்கப்பட்ட புள்ளிகளையும் தருக" என்று எழுதினால், தாள் ஒன்று கைக்கு வரும். அதை வைத்துப் பேசலாம். பயிற்சிக் காலத்தில் பத்து விண்ணப்பங்களையாவது உங்கள் கையால் எழுதுங்கள்.

இதே சட்டம், அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசுகளிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களையும் அவற்றின் சேவை தொடர்பாகக் கட்டுப்படுத்துகிறது. இதை அறிந்த பயிலுநரை நிறுவனங்கள் சற்று மரியாதையோடு நடத்தும்.

பாதுகாப்பு

புலனாய்வாளர் என்று சொல்லிக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்து விசாரிப்பதும், தொலைபேசியில் அழைப்பதும் இந்தப் பணியில் நடக்கக்கூடியவை. சேரும் முன்பே வீட்டாருடன் இதைப் பேசுங்கள். அழைப்பு வந்தால் யாருக்குச் சொல்வது, சட்டத்தரணி யார் என்பவற்றை நிறுவனத்திடம் கேட்டு வையுங்கள். வந்தவரின் பெயர், அலுவலகம், திகதி, நேரம் ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். தனியாக விசாரணைக்குப் போக வேண்டாம்.

மக்களின் பாதுகாப்பு அதைவிட முக்கியம். முறைப்பாட்டாளரின் படத்தையும் தாள்களையும் உங்கள் சொந்தத் தொலைபேசியில் எடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். அழும் தாயின் முகத்தை முகநூலில் ஏற்றாதீர்கள். இணையத்தில் பதிவிடுவதைக் கட்டுப்படுத்தும் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பின், என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். அலுவலகத்துக்குள்ளேயே மேலதிகாரி தகாத முறையில் நடந்தால், பயிலுநர் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை; பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம்.

கொடுப்பனவு வராவிட்டால்

ஒரு மாதம் தவறியதும் பேசுங்கள். மூன்று மாதம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். முதலில் மேற்பார்வையாளரிடம், பின் எழுத்தில் நிர்வாகத்திடம், அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் பகுதிக்குரிய தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலைக்கு வந்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்; நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், வேலை தொடர்பான குறுஞ்செய்திகள் ஆகியவை சான்றாகும். சேர்ந்து முறையிடுவது தனியாக முறையிடுவதிலும் நல்லது. நாங்கள் நால்வரும் அன்று ஒருவருக்கொருவர் எங்கள் கொடுப்பனவைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்டோம்.

முடிக்கும் போது

சேவைக் கடிதத்தில் "சிறப்பாகப் பணியாற்றினார்" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை முறைப்பாடுகளை எழுதினீர்கள், எத்தனை தகவல் விண்ணப்பங்களைத் தயாரித்தீர்கள் என்பதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். அடுத்த வேலைக்கு அந்த எண்கள்தான் உதவும். மக்களின் கோப்புகளைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராமல், ஒவ்வொன்றிலும் எது முடிந்தது, எதற்கு எந்தத் திகதியில் பதில் வரவேண்டும் என்பதை எழுதி ஒப்படையுங்கள். இறுதி வாரத்தில், உங்களிடம் வந்து போன ஒவ்வொருவரிடமும் இனி யாரிடம் வரவேண்டும் என்பதை நேரில் சொல்லுங்கள். அந்தப் பெயரையும் அலுவலகத் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவர்களுடைய சொப்பிங் பைக்குள், மற்றத் தாள்களுக்கு மேலே தெரியும்படி வைத்து விடுங்கள்.